ஒரே பெயரை மூணு தடவை எழுதும் வியாதி

எச்சரிக்கை: பொட்டி தட்டும் மக்களுக்கான பதிவு இது. மத்தவங்க ஓடிவிட வேண்டாம், பாதிக்கு மேல் சரித்திரம்தான். நடுவில் கொஞ்சம் ஜல்லியும் உண்டு.

பைத்தானிலோ ஜாவாவிலோ ஒரு மாசமாவது வேலை பார்த்தவர்களுக்கு இந்த வியாதி தெரிஞ்சிருக்கும். ஒரு க்ளாஸ் எழுதுகிறோம். அதற்கு நாலு விவரம் வேணும். கன்ஸ்ட்ரக்டருக்குள் அந்த நாலையும் வாங்கி, பொருளுக்குள்ளே பத்திரமா வைக்கணும். அவ்வளவுதான் வேலை. ஆனா எழுதும்போது என்ன ஆகுது?

உதாரணத்துக்கு எங்க ஊரையே எடுத்துக்கறேன். சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை ஒட்டின ஊர். அணுமின் நிலையத்தைத் தெரிந்தவர்களில் பத்தில் ஒருத்தருக்குக்கூட எங்க ஊரைத் தெரியாது, பஸ் கண்டக்டரைத் தவிர. கடற்கரையோரமா ஒரு டச்சுக்கோட்டை இருக்கு. மஸ்லின் துணி வாங்கி ஏற்றுமதி பண்ண வந்தவங்க கட்டினது. உள்ளே ஒரு கல்லறைத் தோட்டம். அந்தக் காலத்து டச்சுக் கல்லறைக் கல்லெல்லாம் ஒரே வார்ப்பு மாதிரிதான்: 'இங்கே அடக்கம்' என்று ஆரம்பம், அப்புறம் பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த நாள். மாறுவது விவரம் மட்டும். இதை ஒரு க்ளாஸா எழுதினா கன்ஸ்ட்ரக்டருக்குள்ளே இப்படி வரும்:

தன்.பெயர் = பெயர்
தன்.பதவி = பதவி
தன்.ஊர் = ஊர்
தன்.ஆண்டு = ஆண்டு

(விளையாட்டுக்குத் தமிழில் எழுதலைங்க. 2008ல் வந்த பைத்தான் 3லிருந்து மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். 'செல்ஃப்' என்று எழுதுவதும் வெறும் வழக்கம்தான், சட்டம் இல்லை. மேலே இருக்கும் நாலு வரியும் அப்படியே ஓடும்.)

கன்ஸ்ட்ரக்டரின் தலைவரியில் 'பெயர்' ஒரு தடவை, புள்ளிக்கு அப்புறம் ஒரு தடவை, சமன்குறிக்கு அப்புறம் ஒரு தடவை. ஆக மூணு. அச்சிட்டுக் காட்டும் ஃபங்ஷன், ரெண்டு பொருள் சமமான்னு பார்க்கும் ஃபங்ஷன் எல்லாம் எழுதினா ஏழெட்டு தடவை. நாலு விவரத்துக்கு இது பரவாயில்லை. நாற்பது க்ளாஸ், ஆளுக்குப் பத்து விவரம் என்றால் விரல் தேயும். அதைவிட முக்கியம், கண் மேயும். நானூறு வரியில் ஏதோ ஒரு வரியில் 'தன்.ஊர் = பதவி' என்று இருந்தா யார் கண்ணுக்கும் படாது.

இந்த மாதிரி நிரலுக்கு ஆங்கிலத்தில் 'பாய்லர்ப்ளேட்' என்று பெயர். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சின்னச் சின்ன ஊர்ப் பத்திரிகைகளுக்கு, ஏற்கெனவே வார்த்த உலோகத் தகடாகவே செய்திகளும் விளம்பரங்களும் அனுப்புவாங்களாம். மாற்ற முடியாது, அப்படியே அச்சடிக்க வேண்டியதுதான். பார்க்க நீராவி பாய்லரின் தகடு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். நம்ம ஊர்க் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்திலிருந்து வரும் மெய்க்கீர்த்தியும் ஒரு வகையில் இதுதான். கோயிலுக்கு ரெண்டு ஆடு கொடுத்த கதையைச் சொல்வதற்கு முன்னாடி ராஜாவோட வெற்றிகளை முழுசா செதுக்கணும். சிற்பியைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ! (ஆனா வரலாற்று ஆய்வாளர்களுக்கு அதுதான் வரம். எந்த ராஜா, எத்தனையாவது ஆட்சியாண்டு என்று கண்டுபிடிக்க அது கை கொடுக்குது. கல்வெட்டோடு நிரலை ஒப்பிடுவதை இத்தோட நிறுத்திக்கறேன்.)

சரி, சரித்திரத்துக்கு வருவோம். கொஞ்ச நாள் முன்னாடி பழைய மொழிகளைத் துழாவிக்கிட்டிருந்தப்ப என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் இதுதான்: க்ளாஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்த முதல் மொழியில் இந்த வியாதியே கிடையாது.

அந்த மொழி சிமுலா 67. ஆஸ்லோவில் இருக்கும் நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கினது. (2001க்கான டூரிங் விருது ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைச்சது. அடுத்த வருஷமே, 2002ல், ஒன்றரை மாச இடைவெளியில் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க.) சிமுலாவில் க்ளாஸின் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு விவரங்களை எழுதணும். எழுதினா முடிஞ்சுது. அந்த விவரங்களே பொருளின் உறுப்புகள். எடுத்து வைக்கத் தனியா ஒரு வரியும் வேண்டாம். க்ளாஸின் உடம்பில் இருக்கும் கட்டளைகளே தொடக்க வேலையைச் செய்யும். அதாவது 1967லேயே சரியா இருந்திருக்கு!

அப்புறம் எப்படிக் கெட்டுப்போச்சு?

பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும்போது சிமுலாவில்தான் முதலில் எழுதினார். மொழி ரொம்பப் பிடிச்சிருந்தது, ஆனா அவருடைய புரோகிராம் தாங்க முடியாத மெதுவா ஓடிச்சு. வேற வழியில்லாம பிசிபிஎல் என்கிற மொழியில் எல்லாத்தையும் திரும்ப எழுதினார். 1979ல் பெல் ஆய்வகத்துக்குப் போனதும் சிமுலாவோட அழகையும் சி மொழியோட வேகத்தையும் சேர்த்து 'சி வித் க்ளாசஸ்' ஆரம்பிச்சார். அதுதான் 1983ல் சி ப்ளஸ் ப்ளஸ் என்று பெயர் மாறினது. அதில் கன்ஸ்ட்ரக்டர் ஒரு தனி ஃபங்ஷன். ஆரம்பத்தில் அதற்குப் பெயரே 'நியூ' தான், க்ளாஸின் பெயரையே வைக்கும் வழக்கம் அப்புறம் வந்தது.

அவரைத் திட்டுவது நியாயம் இல்லை. அவர் பார்வையில் கன்ஸ்ட்ரக்டர் என்பது எடுத்து வைக்கும் குமாஸ்தா இல்லை. மெமரி பிடிக்கணும், ஃபைல் திறக்கணும், வெளியேயிருந்து வரும் விவரம் ஒரு மாதிரி இருக்கும், உள்ளே வேறு மாதிரி வைக்கணும். அதற்கெல்லாம் தனி ஃபங்ஷன் தேவைதான். ஆனா அந்த ஃபங்ஷன் 1995ல் ஜாவாவுக்குப் போய், பைத்தானிலும் வேறு வடிவில் உட்கார்ந்து, உலகம் பூரா அலுவலக மென்பொருள் எழுத ஆரம்பிச்சப்ப, பத்தில் எட்டு கன்ஸ்ட்ரக்டர் (என் அனுபவக் கணக்கு, சண்டைக்கு வராதீங்க) வெறுமனே எடுத்து வைக்கும் வேலையை மட்டும் செஞ்சுது. வியாதி அங்கேதான் தொற்றினது.

இதே சமயத்தில் இன்னொரு பக்கம் லிஸ்ப் ஆட்கள் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க எப்பவுமே அப்படித்தான். லிஸ்ப்பில் நிரலும் ஒரு பட்டியல், தரவும் ஒரு பட்டியல். அதனால நிரலை எழுதும் நிரல் அங்கே சர்வ சாதாரணம். 1963லேயே எம்.ஐ.டி.யில் திமோத்தி ஹார்ட் லிஸ்ப்புக்கு மேக்ரோ வேணும் என்று ஒரு குறிப்பு எழுதிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'டெஃப்ஸ்ட்ரக்ட்'. விவரங்களின் பெயரை மட்டும் சொன்னா போதும், உருவாக்கும் ஃபங்ஷன், ஒவ்வொரு விவரத்தையும் எடுக்கும் ஃபங்ஷன், இது அந்த வகைதானா என்று கேட்கும் ஃபங்ஷன் எல்லாத்தையும் அந்த மேக்ரோவே எழுதிக் கொடுத்துடும். 1984ல் கை ஸ்டீல் எழுதின காமன் லிஸ்ப் புத்தகத்திலேயே இது இருக்கு. மெட்டாபுரோகிராமிங் என்று பெரிய பெயர் வச்சு நாம மிரளுவது இவ்வளவுதான்.

இனி பைத்தான். எனக்குச் சோறு போடும் மொழி என்பதால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசணும்.

பைத்தானில் க்ளாஸுக்கு என்னென்ன உறுப்பு என்று முன்கூட்டியே அறிவிக்கும் பழக்கம் ரொம்ப நாள் இல்லை. கன்ஸ்ட்ரக்டரைப் படிச்சாத்தான் தெரியும். அதனால அந்த 'தன்.பெயர் = பெயர்' வரிகள் ஒரு வகையில் ஆவணம் மாதிரியும் இருந்தது. 'வெளிப்படையாச் சொல்வதே மேல்' என்ற கொள்கை வேற அந்த ஊரில் வேதம். இதனால மாற்றம் மெதுவாத்தான் வந்தது.

சோம்பேறிகள் முதலில் கண்டுபிடிச்ச குறுக்குவழி ரெண்டு நட்சத்திரம். என்ன வந்தாலும் வாங்கி அப்படியே பொருளுக்குள் கொட்டிவிடுவது. ஒரே வரி. பார்க்க அற்புதமா இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாமே) செட்டிங்ஸ் க்ளாஸ் ஒன்று இப்படித்தான் இருந்தது. யாரோ ஒரு இடத்தில் 'டைம்அவுட்' என்பதில் ஒரு எழுத்தை விட்டுட்டாங்க. பைத்தான் எந்தத் தப்பும் சொல்லாம அந்தத் தப்பான பெயரிலேயே ஒரு உறுப்பை உருவாக்கிட்டு, உண்மையான டைம்அவுட்டைப் பழைய மதிப்பிலேயே விட்டுடுச்சு. மூணு வாரம் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் தொங்கினப்பத்தான் ஆளாளுக்கு லாகைத் தோண்டினோம். கையால் எழுதின கன்ஸ்ட்ரக்டரா இருந்தா முதல் ஓட்டத்திலேயே 'இப்படி ஒரு விவரம் கிடையாது' என்று கத்தியிருக்கும். எழுதும் சுமையைக் குறைக்கிறேன் என்று காவல்காரனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினா இதுதான் நடக்கும்.

2008 அக்டோபரில் பைத்தான் 2.6ல் ரேமண்ட் ஹெட்டிங்கர் எழுதின 'நேம்ட்டப்பிள்' வந்தது. அது வேலை செய்த விதம் பலருக்கு அதிர்ச்சி. நீங்க சொல்லும் பெயர்களை ஒரு பெரிய வார்ப்புருவில் நிரப்பி, முழு க்ளாஸையும் எழுத்தாகவே தயார் பண்ணி, அதை 'எக்ஸெக்' கட்டளையிடம் கொடுத்து ஓட்டிடும். டைப் அடிக்கும் வேலையை நமக்குப் பதிலா பைத்தானே செய்யுது, அவ்வளவுதான்! என்ன எழுதிச்சு என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக, எழுதின நிரலை அச்சிட்டுக் காட்டும் வசதியும் இருந்தது (பைத்தான் 3.7ல் அதை எடுத்துட்டாங்க). 'எக்ஸெக் கொடிய பாவம்' என்று கல்லூரியில் கேட்டு வளர்ந்தவன் நான். மொழியோட சொந்த நூலகத்திலேயே அது ஹாயா உட்கார்ந்திருப்பதை முதல்முறை பார்த்தப்ப, ஐயர் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டையைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஏன் எக்ஸெக்? சும்மா ஒரு லூப் போட்டு ஒவ்வொரு பெயரா எடுத்து வைக்கக்கூடாதா? இதற்குப் பதில் வேணும்னா டேவிட் பீஸ்லி 2013 பைகானில் எடுத்த மூணு மணிநேர மெட்டாபுரோகிராமிங் வகுப்பைப் பார்க்கணும். வீடியோ இணையத்தில் கிடைக்குது. இந்த வியாதியையும் அவர் அதில் எடுத்துக்கிறார். முதலில் ஒரு அடிப்படை க்ளாஸ், அதில் பெயர்ப் பட்டியல், ஒரு லூப். அழகா இருக்கு. ஆனா பெயர் சொல்லி விவரம் கொடுக்க முடியல, உதவி கேட்டா நட்சத்திரம்தான் தெரியுது. சரின்னு 2012ல் பைத்தான் 3.3ல் வந்த 'சிக்னேச்சர்' வசதியைச் சேர்க்கிறார், மெட்டாக்ளாஸ் சேர்க்கிறார். எல்லாம் சரியாகுது, வேகம் படுத்துடுது. ஒவ்வொரு பொருள் பிறக்கும்போதும் அந்த லூப் சுத்தணுமே! கடைசியில் எக்ஸெக்குக்கு வருகிறார். க்ளாஸ் உருவாகும் ஒரே ஒரு தடவை கன்ஸ்ட்ரக்டரை எழுத்தா எழுதி மொழிபெயர்த்துட்டா, அதற்கப்புறம் கையால் எழுதின வேகத்திலேயே ஓடும். ஏன்னா அது கையால் எழுதினதேதான், கை மட்டும் வேற.

(மெட்டாக்ளாஸ் பற்றி டிம் பீட்டர்ஸ் சொன்னது பிரசித்தம்: நூற்றில் 99 பேருக்கு அது தேவையே இல்லை, தேவையா என்று யோசிச்சாலே உங்களுக்குத் தேவையில்லை. நல்ல மனுஷன்.)

2015ல் ஹைனெக் ஸ்லாவாக் 'ஆட்டர்ஸ்' என்ற நூலகத்தை வெளியிட்டார். அடிப்படை க்ளாஸ் வேண்டாம், மெட்டாக்ளாஸ் வேண்டாம், க்ளாஸின் தலையில் ஒரு டெக்கரேட்டரை ஒட்டினா போதும். உள்ளே அதே எக்ஸெக் வித்தை. அதைப் பார்த்து, 2016 கடைசியில் பைத்தான் 3.6ல் வந்த மாறி-வகைக் குறிப்பையும் சேர்த்துக்கிட்டு, எரிக் ஸ்மித் 2017ல் எழுதின முன்மொழிவுதான் 'டேட்டாக்ளாஸ்'. ஆட்டர்ஸையே மொழிக்குள் எடுத்துக்க வேண்டியதுதானே என்று பலர் கேட்டாங்க. மொழிக்குள் வந்தா அதோட வேகமான வளர்ச்சி நின்னுடும் என்பதும் ஒரு காரணமா சொல்லப்பட்டது. 2018 ஜூனில் பைத்தான் 3.7ல் டேட்டாக்ளாஸ் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அதுதான் புதுசு, சீனியர்கள் சந்தேகமாப் பார்த்தாங்க.

நம்ம கல்லறை க்ளாஸ் இப்ப நாலு வரி, நாலு பெயர், பக்கத்தில் அது எண்ணா எழுத்தா என்ற குறிப்பு. முடிஞ்சுது. ஆனா எனக்கு இதில் பிடிச்சது வரி குறைஞ்சது இல்லை. காலிப் பட்டியலை இயல்பு மதிப்பா வச்சா எல்லாப் பொருளும் அந்த ஒரே பட்டியலைப் பங்கு போட்டுக்கும் என்பது பைத்தானின் பேர்போன குழி. வருஷா வருஷம் புதுசா சேருபவர்கள் விழுவாங்க. டேட்டாக்ளாஸில் அப்படி எழுதினா உடனே மறுத்துடும். நிரலை எழுதும் நிரலுக்கு ஒரு குழியை ஒரு தடவை காட்டிட்டா போதும், உலகத்தில் எழுதப்படும் எல்லா டேட்டாக்ளாஸிலும் அது காவல் நிற்கும். நானூறு வரியைக் கையால் எழுதும் மனுஷனிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

குறையும் இருக்கு. 'ஆண்டு' என்பது எண் என்று குறிச்சிருந்தாலும் எழுத்தைக் கொடுத்தா வாங்கிக்கும், அதைச் சோதிக்காது. அப்பா க்ளாஸில் இயல்பு மதிப்பு இருந்து பிள்ளை க்ளாஸில் இல்லாட்டி வரிசை உதைக்கும். இதற்கு 2021ல் பைத்தான் 3.10ல்தான் 'பெயர் சொல்லியே கொடு' என்ற வழி வந்தது. எழுதப்பட்ட கன்ஸ்ட்ரக்டருக்குள் தப்பு நடந்தா பிழைச் செய்தியில் காட்ட வரியே இருக்காது, அது எந்த ஃபைலிலும் இல்லையே. எல்லாத்தையும்விடப் பெரிய சிக்கல், நிரலை ஓட்டாமலே படிச்சுத் தப்பு கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு இந்தக் கன்ஸ்ட்ரக்டர் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு நூலகத்தையும் அந்தக் கருவிகளுக்குத் தனித்தனியாச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. 2022ல் பைத்தான் 3.11ல்தான் 'இந்த டெக்கரேட்டர் டேட்டாக்ளாஸ் மாதிரி நடந்துக்கும்' என்று பொதுவா அறிவிக்க ஒரு முறை வந்தது.

ஜாவா பக்கம் கதை இன்னும் தமாஷ். அங்கே லிஸ்ப் மாதிரி மேக்ரோ கிடையாது, பைத்தான் மாதிரி எக்ஸெக்கும் கிடையாது. 2009ல் ரெய்னியர் ஸ்விட்செர்லூட், ரூல் ஸ்பில்கர் என்ற ரெண்டு பேர் 'லாம்போக்' என்று ஒன்று எழுதினாங்க. ஜாவா கம்பைலரிடம் புது ஃபைல் சேர்க்க மட்டும்தான் முறையா அனுமதி உண்டு, இருக்கும் க்ளாஸை மாற்ற அனுமதி கிடையாது. லாம்போக் பின்வாசல் வழியா கம்பைலருக்குள்ளேயே புகுந்து மாற்றிடும். 2021ல் ஜாவா 16 அந்தப் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டதும் லாம்போக் தடுமாறி, அவசரமா வேற சந்து கண்டுபிடிச்சுது. அதே ஜாவா 16ல்தான் 'ரெக்கார்டு' என்ற வசதியும் முழுசா வந்தது என்பது கூடுதல் சுவை. (லாம்போக், ஜாவா ரெண்டுமே இந்தோனேசியத் தீவுகள். எங்க ஊர்க் கோட்டைக்கு மேலிடமும் ஜாவா தீவில் இருந்த பட்டாவியாதான். டச்சுக்காரர்களின் ஆசியத் தலைமையகம் அங்கேதான் இருந்தது. எப்படிச் சுத்தினாலும் ஜாவாவில்தான் போய் முட்டுது!)

இப்ப அந்த ரெக்கார்டு எப்படி இருக்கும் தெரியுமா? பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி, உள்ளே விவரங்கள், முடிஞ்சுது. 2004லேயே ஸ்காலா இதைத்தான் பண்ணிச்சு. அப்புறம் காட்லின். 2020ல் பிஎச்பி 8 அதன் சாயலில் ஒன்று கொண்டுவந்தது. 2023ல் சி ஷார்ப் 12 எல்லாக் க்ளாஸுக்கும் அதைக் கொடுத்தது. எல்லாரும் புது வசதி என்று விழா எடுத்தாங்க. சிமுலா 67ன் வரியைப் பக்கத்தில் வச்சுப் பாருங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல ஊரெல்லாம் சுத்தி, புறப்பட்ட பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறோம்.

போன மாசம் ஆபீஸில் புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, இதெல்லாம் எதுக்குண்ணா? ஏஐகிட்ட சொன்னா நாற்பது க்ளாஸையும் அதுவே எழுதிடுமே?" எழுதும்தான், தப்பில்லாமலும் எழுதும். ஆனா எழுதின நானூறு வரியும் ஃபைலில் அப்படியே கிடக்கும். அடுத்த வருஷம் ஒரு விவரத்தைச் சேர்க்கும்போது ஏழெட்டு இடத்தில் சேர்க்கணும். பார்த்து ஓகே சொல்ல வேண்டியது நாமதான். பீஸ்லியோட எக்ஸெக்கும் ஏஐயும் ரெண்டுமே நமக்காக டைப் அடிக்குது. முதலாவது அடிச்சதை யாரும் படிக்க வேண்டியதில்லை. ரெண்டாவது அடிச்சதை யாராவது படிச்சே ஆகணும், தம்பியோ நானோ. அவரிடம் இதைச் சொன்னேன். "அதையும் ஏஐகிட்டயே படிக்கச் சொல்லிடலாமே" என்றார். ஙே என்று முழிச்சேன். பதில் தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: டேட்டாக்ளாஸின் உள்ளே நடக்கும் கூத்தைப் பார்க்க ஆசையிருந்தா, பைத்தான் நூலகத்தில் அந்த ஃபைலையே திறந்து எக்ஸெக் என்று தேடிப் பாருங்க. குறிப்புகளோட நல்லா எழுதியிருக்காங்க. ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி தீர்வதற்குள் படிச்சிடலாம்.